கோழி அடையும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். பழைய கோழிகள் ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள் போய்விட்டன. புதிதாக வாங்கிவிட்ட 4 வெடைக்கோழிகள் (இன்னும் முட்டையிடாத இளங்கோழிகள்) மட்டும் ஒன்று காம்பவுண்டு சுவரில், ஒன்று தண்ணீர் டேங்க் ஸ்டாண்டில், மற்ற இரண்டும் கொய்யா மரத்தில். பிடிக்கப் போனால் பக்கத்து வீட்டு மாடிக்குப் பறக்கின்றன. பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது சைட்டில் வீட்டைக் கட்டி, பின்பக்கம் மிச்சமிருக்கும் இடத்திலோ மொட்டை மாடியிலோ பத்துப் பன்னிரண்டு கோழி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் காட்சி பழக்கம். தானாக அடைந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். தானாக அடையும்தான். ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் அடையாது.

கோழி இருட்டியதும் நேற்று ராத்திரி தூங்கிய இடத்தைத்தான் தேடிப் போகும். தீனி போட்ட இடமோ தண்ணீர் வைத்த இடமோ அதற்குக் கணக்கில்லை. முதல் 2 ராத்திரி கொய்யா மரத்தில் தூங்கிவிட்டால் மூன்றாவது நாள் அதுதான் அதன் வீடு. அதனால் இந்த வேலையில் பகலை விட ராத்திரிதான் முக்கியம். புதுக் கோழி வந்த முதல் ராத்திரியிலிருந்தே அது எங்கே தூங்குகிறது என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் இரண்டு காரியம் முடிந்திருக்க வேண்டும். ஒன்று, வயசு. சிவாஜிநகரிலோ சந்தையிலோ வாங்கும் 5, 6 வாரக் குஞ்சைப் பெரிய கோழிகளோடு விடக் கூடாது. பழைய கோழியின் உடம்பில் முக்கால்வாசியாவது வளர்ந்திருக்க வேண்டும்; நாட்டுக்கோழியில் அது ஏறக்குறைய 12 முதல் 14 வாரம். இரண்டாவது, தனிமை. வெளியிலிருந்து வரும் எந்தக் கோழியையும் 3, 4 வாரம் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கழிச்சலும் சளியும் வெளியே தெரிவதற்குள் மொத்தக் கூட்டத்துக்கும் பரவிவிடும். கீழே பழைய கோழி, மொட்டை மாடியில் புதுக்கோழி என்று பிரித்துக்கொள்ளலாம். முதலில் பழசுக்குத் தீனி, அப்புறம் புதுசுக்கு. செருப்பு, வாளி, தண்ணீர்க் குவளை எல்லாம் தனித்தனி. வெள்ளைக் கழிச்சலுக்கு 8ஆம் வாரத்தில் போடும் ஆர்2பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். சரியாகத் தெரியவில்லை என்றால் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியிலோ பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவரிடமோ கேட்டுப் போட்டுவிட்டு, அதற்கப்புறம் 2 வாரமாவது கழித்துச் சேருங்கள்.

தனியாக வைத்திருக்கும் காலத்தையும் வீணாக்க வேண்டாம். அந்தக் கூண்டிலேயே ஒரு அடி உயரத்தில் ஒரு கம்பு கட்டிவிடுங்கள். பண்ணையில் தரையிலேயே உமி மேல் வளர்ந்த குஞ்சுக்குக் கம்பில் ஏறி உட்காரவே தெரியாது. ராத்திரி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடக்கும். அப்படிக் குவிவதில் அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகவும் செய்யும். கூண்டின் மூலையில் ஒரு அட்டையை வளைத்து வைத்து, மூலையே இல்லாமல் உருண்டையாக்கிவிட்டால் நெரிசல் குறையும். கம்பு பழகிய குஞ்சு பெரிய கூண்டுக்குப் போனதும் மேலே பார்க்கும். பழகாதது கீழே பார்க்கும். பாதி வேலை இங்கேயே முடிகிறது.

இனி கம்பு விஷயம். புதுக்கோழி கூண்டுக்குள் வராததற்குப் பழைய கோழிகளின் கெட்ட குணத்தைச் சொல்பவர்கள் அதிகம். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் உட்கார இடமே இருக்காது. ஒரு பெரிய கோழிக்கு 9 அங்குலம், இளங்கோழிக்கு 7 அங்குலம் கம்பு வேண்டும். 8 பழைய கோழி என்றால் 6 அடி. 4 புதுசுக்கு இன்னும் 2 அடி 4 அங்குலம். ஆனால் புதுசு பழசை ஒட்டி உட்கார முடியாது, நடுவில் ஒரு இடைவெளி விட்டுத்தான் உட்காரும். ஆகவே மொத்தம் 10 அடி, அதாவது 5 அடிக் கம்பு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பின் கனம் ஒன்றரை முதல் 2 அங்குலம். சவுக்குக் கம்பு நன்றாக இருக்கும். இங்கே டிம்பர் டிப்போவில் சவுக்கு என்றால் விழிப்பார்கள், 'சர்வே' என்று கேளுங்கள், உடனே எடுத்துக் கொடுப்பார்கள். பிவிசி பைப்பும் இரும்பு பைப்பும் வேண்டாம், வழுக்கும். டிசம்பர் ராத்திரியில் இரும்பு சில்லிட்டுப் போகும்.

இரண்டு கம்பையும் ஒரே உயரத்தில் வையுங்கள். படிக்கட்டு மாதிரி ஒன்று மேலே ஒன்று கீழே வைத்தால், மேல் கம்புக்கு தினமும் சண்டை நடக்கும், எச்சமும் கீழே உட்கார்ந்திருப்பவற்றின் மேல் விழும். இடம் இல்லாமல் படிக்கட்டாகத்தான் வைக்க வேண்டுமென்றால் கீழ்க் கம்பை ஒரு அடி முன்னால் தள்ளி வையுங்கள். சுவருக்கும் கம்புக்கும் நடுவில் ஒரு அடி விடுங்கள், இல்லாவிட்டால் வால் சுவரில் இடிக்கும், கோழி குறுக்காக உட்கார்ந்து இரண்டு கோழி இடத்தை அடைக்கும். உயரம் நாட்டுக்கோழிக்கு 3 அடி. கிரிராஜா மாதிரி கனமான கோழிக்கு ஒன்றரை, 2 அடி போதும்; அது 3 கிலோ உடம்போடு உயரத்திலிருந்து குதித்தால் பாதம் வீங்கிச் சீழ் பிடிக்கும். முட்டைப் பெட்டி எப்போதும் கம்பை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். பெட்டி உயரத்தில் இருந்தால் புதுசு எல்லாம் அதற்குள் தூங்கும், விடிந்தால் முட்டை எச்சத்தில் கிடக்கும். அடையும் நேரத்துக்கு முன்னால் பெட்டி வாயில் ஒரு பலகையைச் சாத்தி, காலையில் எடுத்துவிடுவது 2 வாரத்துக்கு நல்ல பழக்கம்.

இளங்கோழி கம்பில் ஏறுவதை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் எங்கே தடுக்கிறது என்பது தெரிந்துவிடும். கம்புக்கு நேர் கீழே வந்து நிற்கும். கழுத்தை நீட்டும், சுருக்கும், தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் உயரத்தை அளக்கும். காலை மாற்றி மாற்றி வைத்து, முழங்காலை மடக்கி, பாயப் போகிற மாதிரி ஒரு முறை தாழும், பிறகு நிமிர்ந்துவிடும். இரண்டு அடி நகர்ந்து மறுபடி அதே அளவெடுப்பு. இப்படி ஏழெட்டு முறை. அந்த நேரத்தில் மேலேயிருந்து ஒரு பழைய கோழி தலையில் ஒரு கொத்து கொத்தினால் அன்றைக்கு அது ஏறாது, தரையிலேயே உட்கார்ந்துவிடும். அது பாய்வதற்குக் கம்புக்கு முன்னால் 3 அடியாவது காலி இடம் வேண்டும். அது இல்லாத சின்னக் கூண்டில், 6 அங்குலம் அகலப் பலகையில் குறுக்குச் சட்டம் அடித்து, 45 பாகைக்கு மேல் செங்குத்தாகாமல் சாய்த்து வையுங்கள். பறக்காமல் நடந்தே ஏறிவிடும்.

இடம் தயாரானதும் சேர்ப்பது. நான் சொல்லும் வழி இது: கூண்டின் மூன்றில் ஒரு பங்கை அரை அங்குல வெல்டு மெஷ்ஷால் தடுத்து, புதுசை அந்தப் பக்கம் விடுங்கள். அந்தப் பக்கமும் ஒரு கம்பு, தனித் தீனி, தனித் தண்ணீர். 7 முதல் 10 நாள் அங்கேயே இருக்கட்டும், ராத்திரியும் பகலும். பழசு வலைக்கு இந்தப் பக்கம் வந்து நின்று பார்க்கும், பிடரியைச் சிலிர்க்கும், வலையைக் கொத்தும். கொத்திக் கொத்தி நாலைந்து நாளில் ஆர்வம் போய்விடும். அந்த ஆர்வம் போய், வலைக்கு அருகே புதுசு உட்கார்ந்திருந்தும் பழசு கண்டுகொள்ளாமல் மண்ணைக் கிளறினால், வலையை எடுக்கலாம். இந்த 10 நாளும் புதுசு அதே கூரைக்குக் கீழ் தூங்கியிருக்கிறது என்பதுதான் இந்த முறையின் முழு லாபமும். தனித் தடுப்பு போட முடியாதவர்கள், பகலில் முற்றத்தில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்துப் புதுசைக் காட்டிவிட்டு, ராத்திரி மட்டும் கூண்டுக்குள் ஒரு மூலையில் அதே பஞ்சாரத்தோடு வைக்கலாம்.

எப்போதும் 2, 3 கோழியாகச் சேருங்கள், ஒற்றைக் கோழியைச் சேர்க்க வேண்டாம். ஒன்று இருந்தால் எல்லாக் கொத்தும் அதற்கே விழும்.

வலையை எடுத்த முதல் நாள் காலையில் திறந்துவிடாதீர்கள். பழசு வெளியே போகட்டும், புதுசு கூண்டிலேயே இருக்கட்டும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் புதுசைத் திறந்துவிடுங்கள். தூரம் போக நேரம் இருக்காது. பழசு அடையத் திரும்பும்போது பின்னாலேயே வரும். அடுத்த நாள் இரண்டு மணி நேரம் முன்னால், அப்புறம் மதியம், பிறகு காலையிலிருந்து. பெங்களூரில் டிசம்பர் தொடக்கத்தில் 5:50க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் 6:50 ஆகும். ஒரு மணி நேர வித்தியாசம். ஆகவே கடிகாரத்தை வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். பழைய கோழிகள் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடும். இளசுகள் இருபது நிமிடம், அரை மணி நேரம் கழித்துத்தான் வரும். கதவு முன்னாலேயே சாத்தியிருந்தால் வாசலில் நின்றுவிட்டு மரத்துக்குப் போய்விடும்.

அடையும் நேரத்தில் ஒரு கைப்பிடி கேழ்வரகோ கம்போ கூண்டுக்குள்ளேயே தூவுங்கள். 12 கோழிக்கு 100 கிராம் போதும். தினமும் ஒரே குரலில் கூப்பிடுங்கள், ஒரே டப்பாவை ஆட்டுங்கள். ஆனால் தானியத்தைக் கம்புக்குக் கீழே கொட்டாதீர்கள்; பழசு இறங்கி வந்து புதுசை வாசலில் மடக்கும். இரண்டு பக்கமும் பரவலாகத் தூவினால் சண்டைக்கு நேரம் இருக்காது.

நகரத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது: தெருவிளக்கு. இப்போதுள்ள வெள்ளை எல்இடி தெருவிளக்கு முற்றத்தில் நேராக விழும் வீடுகளில், வெளியே பளிச்சென்றும் கூண்டுக்குள் கும்மிருட்டாகவும் இருக்கும். கோழி வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையத் தயங்கும், அதற்கு மங்கலில் கண் சரியாகத் தெரியாது. பழசு பழக்கத்தில் நுழைந்துவிடும். புதுசு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். இதற்கு வழி, கூண்டின் உள் மூலையில், வாசலுக்கு எதிர்ப்பக்கம், 0.5 வாட் ஜீரோ பல்பு ஒன்றை மாட்டுவது. மஞ்சள் வெளிச்சம், கம்பின் உயரத்தில். பழசு அடையத் தொடங்கும்போது போடுங்கள், எல்லாம் கம்பில் உட்கார்ந்து கால் மணி நேரம் ஆனதும் அணையுங்கள். ஏறி முடிப்பதற்குள் அணைத்தால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடும். கரண்ட் போகிற ஏரியா என்றால் பேட்டரி விளக்கு வையுங்கள். 2 வாரத்தில் விளக்கே தேவைப்படாது. தெருவிளக்கு பக்கம் ஒரு பழைய சாக்குப் படுதாவைக் கட்டி முற்றத்தை மறைப்பதும் உதவும்.

இவ்வளவு செய்தும் ஒன்றிரண்டு வெளியே உட்காரத்தான் செய்யும். முழுவதும் இருட்டும்வரை தொடாதீர்கள். துரத்தினால் அந்தக் கோழிக்குக் கூண்டும் நீங்களும் சேர்ந்து பயமாகிவிடும். இருட்டிய பின் கோழி நகராது. செல்போன் டார்ச்சில் ஒரு துணியைச் சுற்றி மங்கலாக்கிக்கொண்டு, பின்பக்கமாக வந்து, இரண்டு கையாலும் இறக்கையை உடம்போடு அமுக்கிப் பிடியுங்கள். காலைப் பிடித்துத் தொங்கவிட வேண்டாம். கூண்டுக்குள் கொண்டுபோய்க் கம்பின் பின்பக்கமாக நெருக்கி, காலின் முன்பக்கம் கம்பில் படும்படி பிடித்தால் அதுவே காலைத் தூக்கி வைக்கும். விரல் கம்பைச் சுற்றிப் பிடித்த பிறகு கையை மெல்ல எடுங்கள். மற்றவை எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கின்றனவோ அதே பக்கம் பார்க்க வையுங்கள். அதிகாரம் செய்கிற கோழி எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் வைக்காமல் சாதுவான கோழிக்கு அப்பால், கம்பின் ஓரத்தில் வையுங்கள். தினமும் ஒரு ராத்திரி கூட விடாமல் செய்தால் 5 முதல் 10 நாளில் பழகும். நடுவில் ஒரு நாள் "இன்றைக்கு மரத்திலேயே இருக்கட்டும்" என்று விட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

மரத்தில் விடுவது ஆபத்தும்கூட. நகரத்துக்குள் நரி இல்லை என்று நினைப்பவர்கள் மரநாயை மறந்துவிடுகிறார்கள். தென்னை மரம், மாடிச் சுவர், கேபிள் ஒயர் எல்லாம் அதற்குப் பாதைதான். பூனை ஏறாத கொய்யா மரமும் கிடையாது. கூண்டுக்குக் கீழிருந்து வருவது பெருச்சாளி. அரை அங்குல மெஷ்ஷைக் கூண்டைச் சுற்றி ஒன்றரை அடி வெளிப்பக்கமாகத் தரையில் பதித்து மண் மூடிவிட்டால் தோண்டி நுழைய முடியாது. அறுகோணக் கண்ணுள்ள சாதாரணக் கோழி வலையை நாயும் கீரியும் கிழித்துவிடும், அதை நம்ப வேண்டாம்.

இறக்கையை வெட்டிவிட்டால் பறக்காதே என்று கேட்பார்கள். இளங்கோழிக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். வளர்கிற இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும். வெட்டினால் ரத்தம் நிற்காது, மற்றவை அந்த ரத்தத்தைப் பார்த்துக் கொத்தும். போதாக்குறைக்கு மரத்தில் ஏற முடியாத கோழி கூண்டுக் கம்பிலும் ஏற முடியாது.

ஏற்கெனவே அடைந்துகொண்டிருந்த பழைய கோழிகளே திடீரென்று வெளியே தூங்கினால் பிரச்சினை கூண்டில். முதலில் செள்ளும் உண்ணியும். பகலில் கம்பின் கணுவிலும் மரப் பிளவிலும் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். இருட்டிய பின் கம்பின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், சிவப்புக் கறை வந்தால் அதுதான். உமியை முழுதும் அள்ளி வெளியேற்றி, கம்புகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, சுவர்ப் பிளவுகளில் சுண்ணாம்பு அடித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள். அடுத்தது காற்று. ராத்திரி கூண்டுக்குள் தலையை விட்டுக் கம்பின் உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அமோனியா. கூரைக்குக் கீழே சுற்றிலும் அரை அடி வலை மட்டும் விட்டால் போதும், ஆனால் கோழி உட்காரும் மட்டத்தில் காற்று நேராக அடிக்கக் கூடாது. மூன்றாவது தகரக் கூரை. ஏப்ரலில் சாயங்காலம் 6 மணிக்கும் தகரம் அனலாக இருக்கும். மேலே தென்னை ஓலையைப் பரப்புங்கள்.

கொத்துவதைப் பற்றி. தலையில் இரண்டு கொத்து, நாலடி துரத்தல் எல்லாம் சாதாரணம், அதில் தலையிட வேண்டாம். கொண்டையில் ரத்தம் வந்தால் உடனே பிரிக்க வேண்டும். அடிபட்டதைத் தனியாக எடுத்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுங்கள். அதோடு, அடித்த பழைய கோழியை எடுத்து 3, 4 நாள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். திரும்பி வரும்போது அதன் இடம் போயிருக்கும், பழைய திமிர் இருக்காது. தீனித் தட்டும் தண்ணீரும் 2 இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வையுங்கள். சண்டை அதிகம் நடப்பது விடிந்த முதல் அரை மணி நேரத்தில். வெளிச்சம் வரும்போதே கூண்டைத் திறந்துவிட்டால் பாதிச் சண்டை நடக்காது.

சேர்த்து வளர்க்கும்போது பலர் கவனிக்காத ஒன்று தீனி. முட்டைக்கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். வளர்கிற கோழியின் தீனியில் 1 சதவீதம் இருந்தால் போதும். அதிகமானால் சிறுநீரகம் கெட்டுப்போகும், மூட்டு வீங்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீனியையே போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடுகிறது தானே வந்து தின்னும்.

தாய்க்கோழியே வளர்த்த குஞ்சுகள் என்றால் வேலை ரொம்பக் குறைவு. தாய் ராத்திரி கூண்டின் தரையில் அணைத்துக்கொண்டு படுக்கும், குஞ்சுக்கு வீடு தெரிந்துவிடும். சிக்கல் 6, 8 வாரத்தில் வரும். ஒரு நாள் தாய் குஞ்சுகளைக் கொத்தி விரட்டிவிட்டுக் கம்பில் ஏறிவிடும். குஞ்சுகள் அம்மா படுத்திருந்த அதே மூலையில் போய்க் கத்திக்கொண்டு நெருக்கி உட்காரும். அந்த வாரம் ஒரு அடி உயரத்தில் ஒரு கம்பைத் தாய் உட்காரும் கம்புக்குக் கீழே, எச்சம் விழாதபடி முன்னால் தள்ளிக் கட்டிக்கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் அதில் வரிசையாக ஏறிவிடும்.

இன்னொன்று, தீபாவளி வாரத்தில் சேர்க்கும் வேலையைத் தொடங்க வேண்டாம். பட்டாசுச் சத்தத்தில் புதுசு கூண்டிலிருந்து வெடித்துக்கொண்டு ஓடும், அந்தப் பயம் கூண்டோடு ஒட்டிக்கொள்ளும். பத்து நாள் தள்ளிப் போடுங்கள்.

பழகிவிட்டது என்று தெரிந்த பிறகும் 3 வாரம் தினமும் ராத்திரி தலையை எண்ணுங்கள். கம்பின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்த புதுசு, பழசின் இறக்கையை ஒட்டி நடுவில் உட்கார ஆரம்பித்தால் ஏற்கெனவே எடுத்த தடுப்பு வலையைச் சுருட்டி வைத்துவிடலாம். துருப்பிடிக்காமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள், அடுத்த தடவைக்கும் அதே வலைதான்.